நெருக்கடி காலத்தில் சிறுதொழிலுக்குச் சட்டமன்றம் என்ன செய்ய முடியும்?

மாலைவெயில் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வளரும் நாடுகளில் பொருளாதார நெருக்கடி வரும்போதெல்லாம் நிதியமைச்சர் ஒரு பெரிய தொகையை அறிவிக்கிறார், மத்திய வங்கி சுற்றறிக்கை விடுகிறது, மறுநாள் அது தலைப்புச் செய்தியாகிறது. மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய அவை அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடிப் பார்த்தால் பல நாடுகளில் பதிலே கிடைப்பதில்லை.

2020-ஐ எடுத்துக்கொள்வோம். இந்திய நாடாளுமன்றம் மார்ச் 23 அன்று ஒத்திவைக்கப்பட்டு, மறுபடி செப்டம்பர் 14 அன்றுதான் கூடியது. சிறுதொழில்களுக்கான 3 லட்சம் கோடி ரூபாய் கடன் உத்தரவாதத் திட்டம் மே 13 அன்று அறிவிக்கப்பட்டபோது அதைப் பற்றிக் கேள்வி கேட்க அவை இல்லை. செப்டம்பரில் கூடியபோதும் கேள்வி நேரம் கிடையாது. இலங்கையில் மார்ச் 2 அன்று பாராளுமன்றம் கலைந்தது, புதியது ஆகஸ்ட் 20 அன்று கூடியது. பிரேசிலிலோ செனட்டில் தொடங்கிய ஒரு மசோதா மே 18 அன்றே சட்டமாகி, 'ப்ரோனம்பே' என்ற சிறுதொழில் கடன் திட்டம் பிறந்துவிட்டது.

தொழில் நடத்துபவருக்கு இந்த வேறுபாட்டால் ஏதாவது கிடைத்ததா, அல்லது அவை கூடினாலும் கூடாவிட்டாலும் எல்லாம் ஒன்றுதானா? பணக்கார நாடுகளின் கதையை இங்கே தவிர்ப்போம். அங்கே மலிவு வட்டிக்குக் கடன் வாங்கி மக்களிடம் அள்ளிக் கொடுக்க முடிகிறது. கஜானா காலியாக இருக்கும் நாட்டில் ஒரு சட்டமன்றத்தின் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கிளைமேலாளர் எழுதியது:

வங்கியில் கடன் பிரிவில் பல காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நெருக்கடியில் முதல் தேவை வேகம். மசோதா, விவாதம், திருத்தம், இரண்டாவது அவை என்று போனால் அதற்குள் சம்பள நாள் வந்துவிடும். 2020 மார்ச் 27 அன்று இந்திய ரிசர்வ் வங்கி ஒரே அறிவிப்பில் மூன்று மாதத் தவணையை ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி தந்தது, மே மாதத்தில் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. எந்த அவையாலும் அந்த வேகத்தில் செய்திருக்க முடியாது.

உத்தரவாதத் திட்டத்தைக் குறைத்து மதிப்பிடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரி 29, 2020 நிலவரப்படி வங்கியில் எவ்வளவு கடன் பாக்கியோ அதில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. பிணை கேட்கவில்லை, முதல் ஒரு வருடம் அசல் கட்ட வேண்டாம், அரசின் உத்தரவாதம் முழுத் தொகைக்கும் இருந்தது. அந்த நூறு சதவீத உத்தரவாதம் இல்லாமல் போயிருந்தால் எந்தக் கிளையிலும் ஒரு கையெழுத்துகூட விழுந்திருக்காது. நாளை கடன் வாராக்கடனானால் விசாரணை வருவது கையெழுத்துப் போட்டவர் மேல்தான். அந்தப் பயத்தை நீக்கியது நிர்வாகம் எடுத்த முடிவு. அவை கூடியிருந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேரேடு எழுதியது:

கிளைமேலாளர் ஐயா, வேகத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு வேகம் என்று பாருங்கள். ஏற்கனவே வங்கிக் கடன் உள்ளவருக்குத்தான் அந்த 20 சதவீதம். வங்கிப் பக்கமே போகாமல் சொந்தப் பணத்திலும் கைமாற்றிலும் தொழில் நடத்தியவருக்குப் பாக்கி பூஜ்யம். பூஜ்யத்தில் 20 சதவீதம் எவ்வளவு? என்னிடம் கணக்குப் பார்க்க வருபவர்களில் மிகச் சிறியவர்கள் எல்லோரும் இந்த வகைதான்.

இந்த ஓட்டையை அவை கூடியிருந்தால் அடைத்திருக்குமா என்பதற்குப் பிரேசிலைப் பார்க்கலாம். ப்ரோனம்பே சட்டம் (எண் 13.999) பழைய கடனை அளவுகோலாக வைக்கவில்லை, முந்தைய ஆண்டின் மொத்த விற்பனையை வைத்தது. அதில் 30 சதவீதம் வரை கடன். வரித்துறையிடம் ஏற்கனவே இருந்த விற்பனைக் கணக்கை வரித்துறையே தொழில் நடத்துபவருக்கு எழுதி அனுப்பியது, அவர் அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். அவர்களுடைய 1988 அரசியல் சாசனத்தின் 179-வது பிரிவே சிறுதொழிலைத் தனியாக நடத்த வேண்டும் என்கிறது, 2006-இல் வந்த சட்டம் எளிய ஒருங்கிணைந்த வரிமுறையைக் கொடுத்தது. அந்த வரிமுறையில் சேர்ந்திருந்ததால்தான் இத்தனை சிறியவர்களின் விற்பனைக் கணக்கு அரசிடம் இருந்தது. வேகம் அங்கிருந்து வந்தது.

அறிவித்த தொகையையும் போய்ச் சேர்ந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் அவசியம். தென்னாப்பிரிக்கா 2020-இல் 20,000 கோடி ராண்ட் கடன் உத்தரவாதம் அறிவித்தது. வங்கிகள் வழங்கியது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வங்கதேசம் பெருந்தொழிலுக்கு 30,000 கோடி டாக்காவும் சிறியவர்களுக்கு 20,000 கோடியும் அறிவித்தது. பெரியவர்கள் பங்கு மளமளவென்று போனது, சிறியவர்கள் பங்கு நகர்வதற்கே மாதங்கள் ஆயின. ஒரே நாடு, ஒரே வங்கிகள், ஒரே நெருக்கடி.

இந்திய நாடாளுமன்றத்தின் தொழில்துறை நிலைக்குழு 2021 ஜூலையில் கொடுத்த அறிக்கையை முடிந்தால் எல்லோரும் படியுங்கள். அரசின் தொகுப்பு பெரும்பாலும் கடனாகவும் நீண்டகால நடவடிக்கையாகவும் இருந்தது, உடனடியாகக் கையில் பணம் புரளவும் தேவை பெருகவும் அது வழி செய்யவில்லை என்று அந்தக் குழு தெளிவாக எழுதியது. ஆளுங்கட்சியினரும் உட்கார்ந்திருக்கும் குழு அது. வந்த நேரம் மட்டும் தாமதம்.

லேத்துப்பட்டறை எழுதியது:

எல்லோரும் கடனைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த நேரத்தில் கடன் தேவைப்படவில்லை. எனக்கு வர வேண்டிய பணம் வந்திருந்தால் போதும்.

நாங்கள் உதிரிபாகம் கடைந்து கொடுப்பவர்கள். வாங்குவது பெரிய நிறுவனம். சாதாரண நாளிலேயே பில் பாஸ் ஆக மூன்று மாதம் ஆகும். நெருக்கடி என்றதும் முதலில் நின்றது எங்கள் பணம்தான். அவர்களுக்கும் பணத்தட்டுப்பாடு, புரிகிறது. ஆனால் அவர்களிடம் வங்கி இருக்கிறது, பங்குச் சந்தை இருக்கிறது. எங்களிடம் எடுத்தால் வட்டியும் இல்லை, பிணையும் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. நான் என் பாக்கிக்கு ஈடாக வங்கியில் கடன் வாங்கி வட்டி கட்டினேன். யோசித்துப் பார்த்தால் அந்தப் பெரிய நிறுவனத்துக்கு நான் கடன் கொடுத்து, அதற்கு வட்டியும் நானே கட்டியிருக்கிறேன்.

45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதே, புகார் கொடுக்கலாமே என்று சொல்வீர்கள். கொடுக்கலாம். கொடுத்த மறுநாள் அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். எங்கள் சங்கத்தில் இதற்குப் பயந்து புகார் கொடுக்காதவர்கள்தான் அதிகம்.

முன்வரைவு எழுதியது:

லேத்துப்பட்டறை சொன்னதுதான் இந்த இழையில் இதுவரை வந்ததில் முக்கியமானது. மசோதா எழுதும் வேலையில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இந்தியாவின் 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் காகிதத்தில் மிகக் கடுமையானது. 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரின் மேல் வரும் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இவ்வளவு இருந்தும் பலிக்காததற்குக் காரணம், சட்டத்தை இயக்கும் பொறுப்பு பலவீனமானவர் தலையில் இருந்ததுதான். அவர் புகார் கொடுத்தால்தான் சக்கரம் சுற்றும். அவரோ அடுத்த ஆர்டரை நினைத்து வாயைத் திறக்க மாட்டார்.

2023 நிதிச் சட்டம் அந்த இடத்தில் கை வைத்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவுக்குள் ஒரு உட்பிரிவு. குறு, சிறு நிறுவனத்துக்குக் காலக்கெடுவுக்குள் பணம் தராவிட்டால், உண்மையில் பணம் தரும் ஆண்டு வரை அந்தச் செலவை வாங்கியவர் தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. 2024 ஏப்ரல் முதல் அமல். இங்கே யாரும் யார் மேலும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கியவரின் தணிக்கையாளரே வருடக் கடைசியில் பாக்கிப் பட்டியலை எடுத்துவைத்துக் கேள்வி கேட்பார். அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. கஜானா காலியான நாட்டில் சட்டமன்றத்தின் கையில் என்ன இருக்கிறது என்று மாலைவெயில் கேட்டதற்கு இது ஒரு பதில்.

குறை இல்லாமல் இல்லை. வாங்குபவர்கள் பதிவு இல்லாதவர்களிடமும் நடுத்தர நிறுவனங்களிடமும் மாறிப்போகிறார்கள் என்று வணிகச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்கு மட்டும்தான். இதையெல்லாம் அவை திருத்தலாம்.

கொலம்பியா இதை நெருக்கடியின் நடுவிலேயே செய்தது. 2020 ஜூலையில் வந்த சட்டம் எண் 2024, சிறிய நிறுவனங்களுக்குப் பணம் தருவதற்கான கெடுவை முதலில் 60 நாளாகவும் பிறகு 45 நாளாகவும் வைத்தது. எல்லோருக்கும் பணத்தட்டுப்பாடு இருக்கும்போது இப்படி ஒரு சட்டமா என்று கேட்கலாம். தட்டுப்பாட்டின் சுமை யார்மேல் விழ வேண்டும் என்று முடிவு செய்வது சட்டமன்றத்தின் வேலை. அது முடிவு செய்யாவிட்டால் பலமுள்ளவர் முடிவு செய்துகொள்வார்.

பேரேடு எழுதியது:

ஒரு சிறிய சேர்க்கை. பாக்கி வைப்பதில் தனியாரை மட்டும் சொல்லிவிட்டால் போதாது. பல நாடுகளில் மோசமான பாக்கிதாரர் அரசேதான். கென்யாவில் மத்திய அரசும் மாவட்ட அரசுகளும் ஒப்பந்ததாரர்களுக்கு வைத்திருக்கும் நிலுவை பல ஆண்டுகளாகத் தீராத பிரச்சினை. வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தரும்போது 'பழைய பாக்கி எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாளாக' என்ற பட்டியலைக் கேட்கும் அதிகாரம் அவைக்கு இருக்கிறது. நெருக்கடியில் புதுத் திட்டம் அறிவிப்பதற்கு முன்னால் பழைய பில்லைத் தீர்ப்பதே பெரிய உதவி. அந்தப் பணம் ஏற்கனவே வேலை செய்து சம்பாதித்தது.

கடற்காகம் எழுதியது:

இலங்கை அனுபவத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்களுடைய நெருக்கடி இரண்டு கட்டமாக வந்தது. 2020-இல் பெருந்தொற்று, 2022-இல் நாட்டின் வங்குரோத்து. இரண்டாவதுதான் சிறு முயற்சியாளர்களை முறித்தது.

2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளிகளால் உயர்த்தியது. கடன்வழங்கல் வசதி வீதம், அதாவது மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 7.50 சதவீதத்திலிருந்து 14.50 ஆனது. நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. பணவீக்கத்தை அடக்க வட்டியை உயர்த்தியதில் காரணம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் மாறும் வட்டிக்குக் கடன் எடுத்து இயந்திரம் வாங்கியவரின் தவணை அவர் ஒரு தவறும் செய்யாமலே எகிறியது. மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் உற்பத்தி நின்றிருந்த அதே மாதங்களில்.

அதற்குப் பிறகு வந்தது பராட்டே. 1990-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டம், அடகு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரம் தருகிறது. நெருக்கடிக் காலத்தில் சொத்தின் விலையும் விழுந்துகிடக்கும். வீட்டை ஈடு வைத்துத் தொழில் செய்தவர் தொழிலையும் இழந்து வீட்டையும் இழந்தார். முயற்சியாளர் சங்கங்கள் வீதிக்கு வந்தன. கடைசியில் 2024-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தை டிசம்பர் 15 வரை இடைநிறுத்தியது. தேர்தலுக்குப் பின் வந்த அவை அதை 2025 மார்ச் 31 வரை நீட்டித்தது.

செய்ததை வரவேற்கிறேன். என் ஆதங்கம் அதன் காலம் குறித்தது. வட்டி உயர்ந்தது 2022 ஏப்ரல். பாதுகாப்பு வந்தது 2024. இடையில் ஏலம் போன சொத்துகளை எந்தச் சட்டமும் திருப்பித் தரப்போவதில்லை. வட்டியை ஒரே நாளில் ஏற்றலாம் என்றால், குடியிருக்கும் வீட்டின் ஏலத்தையும் ஒரே வாரத்தில் நிறுத்தி வைக்க ஒரு அவை முன்வந்திருக்க வேண்டும்.

கிளைமேலாளர் எழுதியது:

கடற்காகம், உங்கள் வேதனை புரிகிறது. இருந்தாலும் மேசையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈட்டை விற்க முடியாது என்று சட்டம் சொன்னால் வங்கி அடுத்த கடனை யோசித்துத்தான் தரும். வங்கியில் இருப்பது சிறிய வைப்பாளர்களின் பணம், ஓய்வூதியக்காரரின் பணம். இடைநிறுத்தம் நீண்டுகொண்டே போனால் கட்ட முடிந்தவரும் கட்டுவதை நிறுத்துவார். இது நான் கண்ணால் பார்த்தது.

சட்டத்தால் வங்கியைக் கடன் கொடுக்க வைக்கவும் முடியாது. பிலிப்பைன்ஸ் செய்து பார்த்தது. அவர்களுடைய சிறுதொழில் பெருஞ்சட்டம், 2008 திருத்தத்துக்குப் பின், வங்கிகள் தங்கள் கடனில் 8 சதவீதத்தைக் குறு, சிறு தொழிலுக்கும் 2 சதவீதத்தை நடுத்தரத் தொழிலுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது. பத்து ஆண்டுகள் அந்த விதி இருந்தது. கடன் கொடுப்பதைவிட அபராதம் கட்டுவது லாபம் என்று பல வங்கிகள் கணக்குப் போட்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயின. ஆபத்தில் அரசு பங்கு எடுக்காதவரை சட்டத்தின் கட்டளை வங்கியின் கல்லாவைத் திறக்காது.

கடற்காகம் எழுதியது:

நிரந்தரமாக நிறுத்துங்கள் என்று நானும் கேட்கவில்லை ஐயா. இடைநிறுத்திய மாதங்களில் கடனை மறுசீரமைக்கும் வேலை நடக்க வேண்டும். மத்திய வங்கி 2024-இல் ஒவ்வொரு வங்கியிலும் தொழில் மீட்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. அந்தப் பிரிவில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரின் கடன் மறுசீரமைக்கப்பட்டது, எத்தனை பேருக்கு மறுப்பு, ஏன் மறுப்பு என்று மாதந்தோறும் அவையில் அறிக்கை வைத்திருந்தால், கட்ட முடியாதவரும் கட்ட மறுப்பவரும் தனித்தனியாகத் தெரிந்திருப்பார்கள்.

முன்வரைவு எழுதியது:

இந்த இருவர் வாதத்துக்கும் நடுவில் மசோதா எழுதுபவரின் கருவிகள் சில இருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை மூன்று.

ஒன்று முடிவுத் தேதி. நெருக்கடிச் சட்டம் எப்போது தானாகக் காலாவதியாகும் என்று அதற்குள்ளேயே இருக்க வேண்டும், நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி அவைக்கு வர வேண்டும். இந்தியாவில் திவால் சட்டத்தின் 10ஏ பிரிவு இதற்கு நல்ல உதாரணம். 2020 மார்ச் 25 முதல் ஏற்பட்ட தவணைத் தவறலுக்காக யாரும் திவால் மனு போட முடியாது, ஆறு மாதத்துக்கு, அதிகபட்சம் ஒரு வருடத்துக்கு. 2021 மார்ச் 24 அன்று முடிந்தது. ஆனால் அந்த ஒரு வருடத் தவறலுக்காக எப்போதுமே மனு போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. கெடு முடிந்த மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வதை அது தடுத்தது. பிறகு 2021-இல் சிறுதொழிலுக்கென்று முன்கூட்டியே பேசி முடிக்கும் திவால் தீர்வுமுறை வந்தது. தடுப்பு, முடிவுத் தேதி, வெளியேறும் வழி என்று மூன்றும் வரிசையாக வந்த இடம் இது. முதலில் அவசரச் சட்டமாக வந்து பின்னால் அவையின் ஒப்புதலைப் பெற்றது என்பதையும் குறித்துவைக்கிறேன். கிளைமேலாளர் கேட்கும் வேகமும் அவையின் பொறுப்பும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது, சட்டத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் அறிக்கைக் கடமை. பிலிப்பைன்ஸின் 2020 மார்ச் 'பாயனிஹான்' சட்டம் அதிபருக்கு அவசர அதிகாரம் கொடுத்தது. கூடவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் காங்கிரஸுக்கு, அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு, அறிக்கை தர வேண்டும் என்றும், இரு அவையினர் சேர்ந்த கண்காணிப்புக் குழு இருக்கும் என்றும் எழுதியது. அதே சட்டத்திலும் செப்டம்பரில் வந்த இரண்டாவது சட்டத்திலும் கடன் தவணைக்கு அவகாசம் இருந்தது, வட்டிக்கு வட்டியும் அபராதமும் கூடாது என்ற நிலையும் இருந்தது. இந்தியாவில் தவணை ஒத்திவைப்பு சுற்றறிக்கையாக வந்ததால் வட்டிக்கு வட்டி பற்றிய கேள்வி நீதிமன்றம் போய், 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை இழுத்தது. முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியத்தில் எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

மூன்றாவதாக, நாளைய வட்டியைப் பற்றிய யோசனை. பிரேசிலை எல்லோரும் புகழ்கிறோம், நானும் புகழ்கிறேன். ஆனால் ப்ரோனம்பே கடனின் வட்டி அவர்களுடைய மத்திய வங்கியின் அடிப்படை வட்டி வீதத்தோடு கட்டப்பட்டிருந்தது. 2020-இல் அடிப்படை வீதத்துக்கு மேல் 1.25 சதவீதம். 2021-இல் திட்டத்தை நிரந்தரமாக்கிய சட்டம் அதை 6 சதவீதம் வரை உயர்த்த இடம் கொடுத்தது. அடிப்படை வீதமோ 2020 ஆகஸ்டில் 2 சதவீதம், 2022 ஆகஸ்டில் 13.75. கடன் வாங்கிய நாளில் மலிவாகத் தெரிந்தது திருப்பிக் கட்டும் நாளில் கழுத்தை நெரித்தது. கடற்காகம் சொன்ன இலங்கைக் கதையும் இதுவேதான். நெருக்கடிக் கடனுக்கு வட்டி உச்சவரம்பு ஒன்றைச் சட்டத்திலேயே வைத்து, அதற்கு மேல் போவதை அரசும் வங்கியும் பகிர்ந்துகொள்ளும்படி எழுத முடியும். அதற்கு வரும் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு வரவுசெலவுத் திட்டத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

லேத்துப்பட்டறை எழுதியது:

வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வரிச்சலுகை உடனே கைக்கு வரும், யாரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டாம்.

பேரேடு எழுதியது:

லாபம் இருந்தால்தான் லாபவரிச் சலுகையால் பயன் லேத்துப்பட்டறை. நெருக்கடியில் நஷ்டத்தில் இருப்பவருக்கு அது ஒன்றும் தராது. விற்பனை மீதான வரி வேறு. கென்ய நாடாளுமன்றம் 2020 ஏப்ரலில் நிறைவேற்றிய திருத்தம் சிறுதொழில் விற்றுமுதல் வரியை 3 சதவீதத்திலிருந்து 1 ஆக்கியது. 10 லட்சம் முதல் 5 கோடி ஷில்லிங் வரை விற்பனை உள்ளவர்களுக்கு அந்த வரி, அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு இல்லை. அந்த மாதமே பலன் தெரியும் சலுகை இது. கென்யாவின் 2023 நிதிச் சட்டம் வரியை மறுபடி 3 ஆக்கி, மேல் எல்லையையும் 2.5 கோடியாகக் குறைத்துவிட்டது. ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஒரே தாவல். ஆண்டுக்கு அரை சதவீதமாக ஏற்றுவோம் என்று 2020 சட்டத்திலேயே அட்டவணை போட்டிருந்தால் யாரும் தடுமாறியிருக்க மாட்டார்கள்.

இந்தோனேசியா எளிமையாகச் செய்தது. சிறுதொழிலுக்கான அரை சதவீத விற்பனை வரியைத் தொற்றுக் காலத்தில் அரசே ஏற்றுக்கொண்டது. 2021 வரிச் சட்டத்தில், தனிநபராகத் தொழில் செய்பவரின் ஆண்டு விற்பனையில் முதல் 50 கோடி ரூபியாவுக்கு வரியே இல்லை என்று நிரந்தரமாக்கியது. நெருக்கடியில் தற்காலிகமாகக் கொடுத்ததில் எது நல்லது என்று பார்த்து அதை அவை நிலைநிறுத்திய இடம்.

தையல்நூல் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் பேசும் சட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் இருக்கிறது. பதிவு எண் வேண்டும், அல்லது வரிக் கணக்கு வேண்டும், அல்லது வங்கிக் கடன் வேண்டும். வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் என்னைப் போன்ற பெண்களிடம் இது எதுவும் இல்லை. எங்களைத் தொழில் என்று எந்தச் சட்டமும் எண்ணுவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில் உலகத்தில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள். வளரும் நாடுகளில் விகிதம் இன்னும் அதிகம். அப்படியானால் இந்த விவாதம் முழுக்கச் சிறுபான்மையைப் பற்றியதாகிவிடுகிறது.

மாலைவெயில் எழுதியது:

தையல்நூல், எழுதியதற்கு நன்றி. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இழையை விட முடியாது. முன்வரைவு, பேரேடு, பதிவில் இல்லாதவர்களுக்கு எந்த நாட்டிலாவது எதாவது போய்ச் சேர்ந்ததா?

முன்வரைவு எழுதியது:

சேர்ந்திருக்கிறது. சேர்ந்த இடங்களில் ஏதோ ஒரு பட்டியல் முன்பே இருந்தது. டோகோ 2020-இல் வாக்காளர் பட்டியலை எடுத்து, முறைசாராத் தொழிலாளர்களுக்கு அலைபேசி வழியாக நேரடிப் பணம் அனுப்பியது. தலைநகர் லோமேயில் பெண்களுக்கு மாதம் 12,250 பிராங்க், ஆண்களுக்கு 10,500. பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்ததைக் கவனியுங்கள்.

இந்தியாவில் தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் 10,000 ரூபாய் கடன் திட்டம் வந்தது. தொகை சிறியது, அதுவும் கடன்தான். ஆனால் அது போய்ச் சேர முடிந்ததற்குக் காரணம் 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம். அந்தச் சட்டம்தான் நகராட்சிகள் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் தர வேண்டும், வியாபாரிகளின் பிரதிநிதிகள் உள்ள குழு வேண்டும் என்றது. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்கு உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதம் போதும் என்று வாசலைத் திறந்து வைத்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அப்படி ஒரு தேசியச் சட்டம் இல்லை. இது அமைதியான காலத்தில் செய்ய வேண்டிய வேலை. நெருக்கடி வந்தபின் கணக்கெடுக்க ஆரம்பித்தால், கணக்கு முடியும்போது தொழில் இருக்காது.

தையல்நூல் எழுதியது:

கடன் இல்லாமல் நேரடியாகக் கொடுத்த இடம் உண்டா? துணியும் நூலும் வாங்கத் தேவைப்படும் சிறு தொகைக்கு வட்டிக்கணக்கு எதற்கு?

பேரேடு எழுதியது:

உண்டு அம்மா. இந்தோனேசியா 2020-இல் வங்கிக் கடன் வாங்காத குறுந்தொழில் நடத்துபவர்களுக்குத் தலா 24 லட்சம் ரூபியா மானியமாகக் கொடுத்தது, திருப்பித் தர வேண்டாம். இந்தியத் திட்டம் கடன் இருப்பவரைத் தேடியது, அவர்கள் கடன் இல்லாதவரைத் தேடினார்கள். மிகச் சிறியவருக்கு மானியமும், கொஞ்சம் வளர்ந்தவருக்கு உத்தரவாதக் கடனும், அதற்கு மேலே உள்ளவருக்குக் காலத்தில் பில் பணமும் என்று பிரித்துக் கேட்பதுதான் சரி. எல்லோருக்கும் ஒரே மருந்தாகக் கடனைக் கொடுப்பதை ஒரு அவை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கிளைமேலாளர் எழுதியது:

அந்தப் பிரிவினை எனக்கு உடன்பாடு. வங்கியாளன் என்ற முறையிலும் அதுவே நல்லது. திருப்பிக் கட்ட வழியில்லாதவருக்குக் கடன் கொடுப்பது அவருக்கு உதவி ஆகாது. ஆனாலும் முதல் முப்பது நாளில் நிர்வாகம்தான் முந்த வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. முப்பதாவது நாள் அவை கூடி அதைக் கேள்வி கேட்கட்டும், திருத்தட்டும்.

லேத்துப்பட்டறை எழுதியது:

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு நாங்கள் என்ன செய்வது? எங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்த்தால் 'அமைச்சரிடம் சொல்கிறேன்' என்பார். அதோடு முடிந்தது.

முன்வரைவு எழுதியது:

உறுப்பினரைப் பார்க்கும்போது கோரிக்கையைவிடக் கேள்வியை எழுதிக் கொடுங்கள். அவர் அதை அப்படியே அவையில் கேட்க முடிகிற மாதிரி. 'உத்தரவாதத் திட்டத்தில் குறு நிறுவனங்களுக்கு எத்தனை விண்ணப்பம், எத்தனை ஒப்புதல், மாவட்டவாரியாக' என்பது போல. அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தே ஆக வேண்டும், அந்தப் பதில் பதிவாகிறது.

அப்புறம், நிலைக்குழுக்கள். இந்தியாவில் ஒரு மசோதாவையோ பொருளையோ எடுத்துக்கொள்ளும்போது பொதுமக்களிடம் எழுத்துக் கருத்துக் கேட்டு அறிவிப்பு வெளியிடுவார்கள். கென்யாவில் மக்கள் பங்கேற்பு அரசியல் சாசனத்தின் 118-வது பிரிவிலேயே இருக்கிறது. பெரிய தொழில் கூட்டமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் எழுதி அனுப்புகின்றன. சிறிய பட்டறைச் சங்கங்களிடமிருந்து வருவது மிகக் குறைவு.

நீங்கள் எழுதினால் கஷ்டத்தை நீளமாக விவரிக்க வேண்டாம். சங்கத்தில் இருப்பவர்களிடம் பில் தேதி, சரக்கு ஏற்றுக்கொண்ட தேதி, பணம் வந்த தேதி, இந்த மூன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியவர் பெயர் வேண்டாம், அப்போது ஆர்டர் போய்விடும் என்ற பயமும் இருக்காது. கொடுத்தவர்கள் பெயரையும் விட்டுவிட்டுச் சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள். அதன் கீழே சட்டத்தில் எந்த வாக்கியம் மாற வேண்டும் என்று ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியை எழுதுவதில் உதவி வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள், வரைவு போட்டுத் தருகிறேன்.

லேத்துப்பட்டறை எழுதியது:

தேதிகள் எல்லோரிடமும் இருக்கின்றன. அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்டு வாங்குகிறேன். தையல்நூல், உங்களைப் போல வீட்டிலிருந்து வேலை எடுப்பவர்களுக்கும் கூலி தாமதமாகத்தானே வருகிறது? துணி கொடுத்த தேதியும் கூலி வந்த தேதியும் குறித்து வைத்திருந்தால் அனுப்புங்கள், தனி அட்டவணையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தையல்நூல் எழுதியது:

நோட்டில் இருக்கிறது. என்னோடு தைப்பவர்களிடமும் கேட்கிறேன். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள்.